மலையக்கா எல்லையைத் தொட்ட நாள்

சென்னையில் மலை கிடையாது என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் மலையக்காவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பரங்கிமலை ஒன்று இருக்கிறதே என்பீர்கள். மலையக்கா அதை மலைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். "அது இன்னா தம்பி, தரை கொஞ்சம் வீங்கிக்கீது" என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடுவார்.

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், நாலாவது மாடியில் எங்கள் ஆடிட்டர் அலுவலகம். போன் எடுப்பது, கூரியர் வாங்குவது, வருகிறவர்களை "சார் மீட்டிங்ல கீறாரு, குந்துங்க" என்று உட்கார வைப்பது, இவை மலையக்காவின் வேலைகள். ராயப்பேட்டைக்காரர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உயரம் வாசல் மேஜைக்குக் கொஞ்சம் மேலே. சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஏதோ பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்த மலைப் பித்து ஒரு டீத்தூள் கம்பெனி காலண்டரில் ஆரம்பித்தது. அதில் அக்டோபர் மாதப் படம் ஒரு மலை. தேனிப் பக்கம், கேரள எல்லை. இரண்டு புறமும் கரும்பச்சையாகக் காடு, முகட்டில் இடிந்த கல்கோட்டை ஒன்றின் வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. வாசலுக்குள் மேகம் புகுந்து போய்க்கொண்டிருக்கிறது. அக்கா அந்தத் தாளைப் புரட்ட விடவில்லை. அதற்கப்புறம் எங்கள் அலுவலகத்தில் எப்போதும் அக்டோபர்தான். வரி கட்டக் கடைசித் தேதி என்ன என்று சுவரைப் பார்த்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் நெஞ்சு ஒரு நிமிடம் நின்று துடித்தது.

அப்படி வந்து உட்கார்ந்தவர்களை அக்கா சும்மா விடுவதில்லை. "அந்தக் காலத்துல இந்த வழியாதான் சார் மாட்டு மேல உப்பு ஏத்திக்கினு மேல போவாங்கோ. வரும்போது ஏலக்கா, மிளகு. ராஜா ஆளுங்க அந்த வாசல்ல நின்னு சுங்கம் வாங்குவாங்கோ. நடுவுல மூட்டைய எறக்கி வெக்க சுமைதாங்கிக் கல்லு கீது. இன்னிக்கும் கீது." ஜி.எஸ்.டி. நோட்டீஸோடு வந்த ஒரு பாத்திரக்கடைக்காரர், "அப்பவே ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று பெருமூச்சு விட்டார்.

மலைக்குப் போவதென்றால் பயிற்சி வேண்டும். கடல் மட்டத்தில் குடியிருப்பவர் எங்கே போய் ஏறுவது? அக்கா பறக்கும் ரயில் நிலையங்களைப் பிடித்துக்கொண்டார். திருமயிலை நிலையத்தின் படிகளைப் பார்த்திருப்பீர்கள். கட்டியவர்கள் மேலே ரயிலுக்குப் பதில் கோயில் வைக்கலாமா என்று யோசித்திருப்பார்கள் போல. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா முதுகுப் பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு, சேலைக்குக் கீழே கனத்த ஷூவோடு அதில் ஏறி இறங்குவார். ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் மறித்திருக்கிறார். டிக்கெட் ஒழுங்காக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் சந்தேகம்.

"எங்கம்மா போறீங்க?"

"மேல."

"மேலன்னா?"

"பிளாட்பாரத்துக்கு."

"வண்டி இப்பதான் போச்சு."

"போவட்டும் சார். நான் எறங்கத்தான் போறேன்."

பரிசோதகர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டாராம்.

ஒரு மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர். சாயங்காலம் நாங்கள் படியிலேயே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். அக்கா உள்ளே போய்க் கொடிக்கயிற்றைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு சுற்று இடுப்பில் கட்டினார். "மலையில ஆத்தை இப்டிதான் தாண்டுவாங்கோ. முன்னாடி நான். யாரும் கயித்தை வுடாத." நாங்கள் வரிசையாக, கயிற்றில் கோத்தபடி, உஸ்மான் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒருவர்கூடப் பள்ளத்தில் விழவில்லை. ஆனால் துணிக்கடை வாசலில் நின்றிருந்த கூட்டம் எங்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. "ரெய்டுல மாட்டிக்கினாங்க பாவம்" என்று ஒரு அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால்தான் விஷயம் முற்றியது. வருடா வருடம் அலுவலகச் சுற்றுலா என்றால் ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட். மத்தியானச் சாப்பாடு, நீச்சல் குளத்தின் ஓரத்தில் தூக்கம், வீடு. அந்த முறை அக்கா எழுந்து நின்றார்.

"சார், இந்த வாட்டி மலைக்குப் போலாம்."

எங்கள் ஆடிட்டர் மயிலாப்பூர்க்காரர். நல்ல மனிதர், நல்ல பருமன். சிரித்துவிட்டார். "ஏம்மா, மெட்ராஸ்காராளுக்கு மேடுன்னா அது ஸ்பீட் பிரேக்கர்தான். அதுலயே எனக்கு இடுப்பு பிடிச்சுக்கறது. மலையாவது!"

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. காலண்டரைக் கையால் காட்டினார். "அந்த வாசல்ல நின்னு ஒரே ஒரு போட்டோ சார். நம்ம ஆபீஸ் மொத்தம். எடுக்காம திரும்பி வந்தோம்னா, மலைன்ற வார்த்தையே இனிமே என் வாயில வராது. காலண்டரையும் நானே கயட்டிடறேன்."

ஆடிட்டரின் கண்கள் விரிந்தன. அலுவலகத்தில் நிம்மதி, சுவரில் சரியான மாதம். இந்த இரண்டுக்கும் அவர் இமயமலைக்கே போகத் தயாராக இருந்தார். "டிக்கெட் போடு" என்றார்.

வனத்துறை அனுமதியெல்லாம் அக்காவே கம்ப்யூட்டரில் வாங்கினார். மதுரை வரை ரயில், அங்கிருந்து வேன். அடிவாரத்தில் விடியற்காலையில் இறங்கினபோது மலை எங்கள் முன்னால் சுவர் மாதிரி நின்றது. அக்கா வேனைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அத்தனை வருடம் வாய் ஓயாமல் பேசினவர், அப்போது சொன்னது ஒரே வார்த்தை: "யம்மா!"

வழிகாட்டி அந்த ஊர்க்காரர், ஒல்லியாக, அமைதியாக இருந்தார். முதலிலேயே சட்டம் சொல்லிவிட்டார். "மதியத்துக்குள்ள கோட்டையைப் பாத்துட்டு எறங்கிரணும். அதுக்கு மேல யானை நடமாட்டம் இருக்கும். நான் ஒரே ஆளுதான் இருக்கேன். அதனால பிரிஞ்சு போறதெல்லாம் கிடையாது. போனா எல்லாரும் போகணும், திரும்புனா எல்லாரும் திரும்பணும்."

பழைய பொதிமாட்டுப் பாதை அது. கற்கள் பாசி பிடித்து, பல இடங்களில் வேர்களே படிகள். முதலில் உற்சாகமாக ஏறினோம். பிறகு மழை பிடித்தது. மழையோடு அட்டைகள் வந்தன. எங்கள் அலுவலகத்தில் உடம்பை வளைத்து வேலை செய்தே பழக்கமில்லாத ஒருவர், அட்டையைப் பார்த்ததும் பரதநாட்டியத்தில் இருக்கும் அத்தனை அடவுகளையும் பிடித்துக் காட்டினார். அக்கா உப்புப் பொட்டலத்தோடு ஒவ்வொருவர் காலாகப் போய்த் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். "பயப்படாத. ரெண்டு சொட்டு குடிச்சிட்டு அதுவே பூடும். நம்ம ஏரியா கொசு இத்தவுட மோசம்."

பாதி வழிக்கு மேல் சுமைதாங்கிக் கல் வந்தது. இரண்டு கல் தூண்கள், மேலே நீளமாக ஒரு கல். அக்கா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடமான கல். ஆடிட்டர் அதைப் பார்த்ததும் போய்ச் சாய்ந்தார். எத்தனையோ மூட்டைகளைத் தாங்கிய கல், அவரையும் தாங்கியது.

"என்னால ஆகாதும்மா" என்றார். "முட்டி கழண்டு போச்சு. நான் இங்கேயே இருந்துக்கறேன். நீங்கள்ளாம் போயிட்டு வாங்கோ."

வழிகாட்டி தலையை ஆட்டினார். "தனியா விட முடியாது சார். மணியும் ஆயிருச்சு. ஒண்ணு இப்பவே மேல ஏறணும், இல்லன்னா எறங்கிரலாம்."

அத்தனை பேரும் அக்காவைப் பார்த்தோம். பந்தயம் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆடிட்டர் எழுந்திருக்காமல் இருந்தால் போதும், ஜெயித்துவிடுவார். அக்கா ஏதாவது சண்டை பிடிப்பார், கெஞ்சுவார், கயிற்றைக் கட்டி இழுப்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

அக்கா ஆடிட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவருடைய ஷூவைக் கழற்றினார். குதிகால் தோல் உரிந்து, பக்கத்தில் ஒரு அட்டை விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. உப்பு வைத்து அதை எடுத்தார். பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து ஒட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"போதும் சார். எறங்கிடலாம். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊட்ல அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? மலை எங்கயும் போயிடாது."

எழுந்து பையை மாட்டிக்கொண்டு, மேலே போகும் பாதைக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். வேறு எதுவும் பேசவில்லை. மழை இலைகளில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதிக்காகத்தான் ஆடிட்டர் இவ்வளவு தூரம் வந்திருந்தார். கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம்கூட அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஏம்மா, ஏதாவது பேசேன்."

அக்கா பையின் வாரை இறுக்கினார்.

"நீ பேசாம இருந்தா நன்னாவே இல்லம்மா. சரி, இன்னும் எவ்வளவு இருக்கு? நம்ம ஆபீஸ் மாடிக் கணக்குல சொல்லு."

அக்கா மெதுவாகத் திரும்பினார். வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"ஒரே மாடிதான் சார்."

ஆடிட்டர் எழுந்தார். ஒரு கை என் தோளில், ஒரு கை வழிகாட்டி வெட்டிக்கொடுத்த கம்பில். முன்னால் அக்கா, எங்கள் கட்டடத்தின் கீழ் மாடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே. "இது ஜெராக்ஸ் கடை சார், தாண்டிடுங்க. இது பல் டாக்டர், நிக்காதீங்க, புடுங்கிடுவாரு. இது ட்யூஷன் சென்டர், பசங்க வர்றதுக்குள்ள போய்டலாம்." ஒரு வளைவு முடிந்தது. இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"ஏம்மா, இந்த ஒரு மாடி எப்போ முடியும்?"

"பில்டிங் கொஞ்சம் பெருசு சார்."

அவர் சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கினதில் இன்னும் சிரிப்பு வந்தது. நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே எப்படி ஏறினோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மரங்கள் விலகின. புல்வெளி வந்தது. மழை நின்று, காற்று எங்களைப் பின்னாலிருந்து தள்ளியது. நிமிர்ந்து பார்த்தால், அதே வாசல்.

காலண்டரில் இருந்ததைவிடப் பெரிது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கற்கள், சுண்ணாம்பு இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு எல்லைக் கல். இந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஊர்கள் வெயிலில் பளபளத்தன. அந்தப் பக்கம் கேரளக் காடு, மேகத்துக்குள் மூழ்கிக் கிடந்தது.

அக்கா ஓடினார். அரிசி மூட்டை சுமந்து பழகின கால்கள் அந்தப் புல்லில் பறந்தன. வாசலின் நடுவில் கால்களை அகட்டி நின்று, இரண்டு கைகளையும் தூக்கினார்.

"சார்! இந்தக் கால் தமிழ்நாட்ல கீது! இந்தக் கால் கேரளாவுல கீது! நடுவுல நான் கீறேன் சார்!"

ஆடிட்டர் கம்பைத் தூக்கி ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினார். "ஏறிட்டோம்மா! மெட்ராஸ்காரா ஏறிட்டோம்!" மலை அதைத் திருப்பிச் சொன்னது. அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்த மலையாளிகள் சிலர் என்ன விஷயம் என்றே தெரியாமல் கை தட்டினார்கள். அக்கா அவர்களுக்கும் சேர்த்து எலுமிச்சம் சாதப் பொட்டலம் கொடுத்தார்.

போன் சிக்னல் கேரளப் பக்கம் மட்டும்தான் கிடைத்தது. அக்கா ஒரு அடி தள்ளி நின்று, ஆட்டோ ஓட்டும் தன் கணவரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"யோவ், நான் கேரளாவுல கீறேன்யா!"

"காலைல தேனின்னு சொன்ன? எப்ப போன?"

"இப்பதான்யா. ஒரு அடி எடுத்து வெச்சேன்."

"சரி, கேஸ் சிலிண்டர் புக் பண்ணியா?"

அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய, வாசல் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் ஆடிட்டர் படம் எடுத்தார். முதல் படத்தில் அவருடைய கட்டை விரல் முக்கால்வாசி. இரண்டாவதில் எல்லை, கோட்டை, மேகம், அக்கா, எல்லாம் சரியாக விழுந்தன. பிறகு அக்காவை நடுவில் நிறுத்தி நாங்கள் எல்லோரும் நின்ற படத்தை வழிகாட்டி எடுத்தார். யானை எதுவும் வருவதற்குள் பத்திரமாகக் கீழே இறங்கியும் விட்டோம். இறங்கும்போது ஆடிட்டர் பேசின பேச்சுக்கு அக்காவே தேவலை.

அதோடு ரிசார்ட் ஒழிந்தது. இந்த வருடம் நீலகிரிப் பக்கம், வயநாட்டு எல்லையை ஒட்டி வேறொரு மலைக்குப் போனோம். ஆடிட்டர்தான் தேதி குறித்தார். எனக்கு அந்த வாரம்தான் காய்ச்சல் விட்டிருந்தது. வரிசையில் கடைசியாக, ஒவ்வொரு மரமாகப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். ரொம்ப முன்னால், கூட்டத்துக்குத் தலையாக அக்கா. ஒரு வளைவில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, நிக்கட்டுமா?"

"வேணாம்கா. நீங்க போங்க, நான் வந்துடறேன்."

"சரி" என்றார். நான் போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றார்.