சிலுவை முத்தியில் முதல் ஆள்

கிருமிக்குப் பயப்படாதவர்கள் என்றோர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவர்தான் இருப்பார். ஊர் முழுவதற்கும் போதும். எங்கள் கோயில் மூப்பர் யாகப்பர் அந்த இனம்.

தொண்ணூற்றேழில், சண்டையால் முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து முள்ளியவளைப் பக்கம் கிடுகுக் கொட்டிலில் கோயில் நடத்திக்கொண்டிருந்த எங்களுக்குள் வாந்திபேதி புகுந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்கு மருந்து போட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிப் போக, பாதர் அதையே பிரசங்கத்திலும் சொல்லித் தீர்த்தத் தொட்டியைக் கவிழ்த்து வைக்க, யாகப்பர் மட்டும் நாலு பேர் பார்க்கும்படி பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டு, "விசுவாசம் இருக்கிறவனுக்கு ஒண்டும் வராது" என்று மீசையைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டு அடுப்பில் மூன்று நேரமும் யாருக்காகத் தண்ணீர் கொதித்தது? அதைக் கேட்கக்கூடாது.

பெரிய வெள்ளியன்று சிலுவையில் தொங்கும் சுரூபத்தின் பாதத்தை வரிசையாக வந்து முத்தமிடுவோம். முத்தி செய்தல் என்போம். இருபது வருடமாக அந்த வரிசையில் யாகப்பர்தான் முதல் ஆள்.

அந்த வருடப் பெரிய வெள்ளிக்கு முன் நடந்த கோயில் கூட்டத்தில் புனிதம் என்பவள் எழுந்தாள். அவளுடைய நாலு வயது மகள் நிறஞ்சனா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள். வாந்திபேதி இன்னொரு தரம் வந்தால் பிள்ளை தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"பாதர், இந்தமுறை குனிஞ்சு கும்பிட்டாப் போதாதே? வாயிலை கிருமியைக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் குடுத்திடுவன் எண்டு பயமாக்கிடக்கு."

"ஆண்டவற்றை பாதத்திலை கிருமியோ?" என்றார் யாகப்பர். "விசுவாசமில்லாத வாய்தான் உப்பிடிக் கதைக்கும்."

புனிதம் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாயைத் திறந்தேனா? இல்லை.

பாதர் சற்று யோசித்தார். "சரி, குனியிறவை குனியட்டும், முத்தி செய்யிறவை செய்யட்டும். மூப்பர்தான் சிலுவையைப் பிடிக்கவேணும். பிடிக்கிற ஆள் எல்லாருக்கும் பிறகு முத்தி செய்யலாம்."

பெருமையில் யாகப்பருக்குக் கடைசி வசனம் காதில் ஏறவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. புனிதம் குனிந்து கும்பிட்டுவிட்டு விலகி நின்றாள். மற்றவர்கள், சிலுவைக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த மூப்பரின் கண்ணுக்குப் பயந்து முத்தி செய்தார்கள்: இருமியவர்கள், மூக்கைச் சிந்தியவர்கள், காலையிலிருந்து நாலுதரம் காட்டுப்பக்கம் போய்வந்தவர்கள் என்று இருநூறு வாய். ஒவ்வொன்றையும் யாகப்பர் ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்தார். பாதத்தைத் துடைத்த வெள்ளைத்துணி ஒன்றுதான். அது இப்போது வெள்ளையாக இல்லை.

புனிதம் முன்னால் வந்தாள். "தாங்கோ யாகப்பண்ணை, நான் பிடிக்கிறன். நீங்கள் முத்தி செய்யுங்கோ."

யாகப்பர் சிலுவையைக் கொடுத்துவிட்டுப் பாதத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பி, நெற்றி முழங்காலில் முட்டும்வரை குனிந்தார்.

"நாரி பிடிச்சுப்போச்சு, பிள்ளை. இடுப்பு வளையுதில்லை, முத்தி செய்ய ஏலாது."

முத்தி செய்வதற்கு அதில் பாதிகூடக் குனியத் தேவையில்லை.

நிறஞ்சனாவுக்கு வாந்திபேதி திரும்பவில்லை. எனக்கு வந்தது. நான் அன்று வரிசையில் எண்பத்தேழாவது ஆள். விசுவாசத்தால் அல்ல, யாகப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாகப்பரை நினைத்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அடுத்த தடவை யாருக்காவது தைரியம் சொல்லும்போது, வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.