ஐம்பத்தெட்டாம் பக்கத்து முத்தம்

"முத்தம் சரியில்லை சார்" என்றார் பூபாலன், போனில்.

வேதாந்தம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தார். வத்சலா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அதுவும் ஐம்பத்திரண்டு வயதில், உரக்கப் பேசக்கூடிய விஷயமா இது?

பூபாலன் சென்னையில் 'தாழம்பூ' என்ற மாத நாவலை நடத்துகிறவர். வேதாந்தம் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் எழுதுகிறவர். பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில் மனிதர்களுக்கு நடக்கிற சமாசாரங்களை 'விஷாகா' என்ற பெயரில் பதினொரு வருடமாகத் தாழம்பூவில் எழுதி வந்தார். ஆபீஸில் அனுமதி வாங்கவில்லை. கோபாலகிருஷ்ணன் ஒருவரைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

விஷாகா நாவலில் ஐம்பத்தெட்டாம் பக்கம் பிரசித்தம். கதாநாயகனும் கதாநாயகியும் முதல் முத்தம் கொடுத்துக்கொள்வது அங்கேதான். ரயில் நிலையக் கடையில் வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் கை விடுவார்கள். போன மாதம் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்களாம். அறுபத்துமூன்று கடிதங்கள் வந்திருப்பதாகச் சொன்ன பூபாலன், விஷாகாவுக்கு உடம்பு சரியில்லையா என்று நெய்வேலியிலிருந்து ஓர் அம்மாள் கவலையோடு விசாரித்திருப்பதையும் படித்துக் காட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். செவ்வாய்க்கிழமைக்குள் நல்ல முத்தமாக ஒன்று வந்து சேரவேண்டும். இல்லாவிட்டால் பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கிற ஒருத்தன் அனுப்பியிருப்பதை விஷாகா பெயரிலேயே போட்டுவிடுவார்.

வேதாந்தம் போன மாதக் கதையை நினைத்துப் பார்த்தார். வழக்கம்போலத்தானே எழுதினார்? நிலா இருந்தது, அலை இருந்தது, பவழ இதழ் இருந்தது. அச்சான புத்தகத்தைப் பார்க்கலாமென்றால், அச்சுப் பிழை கண்ணில் பட்டு ரத்தக்கொதிப்பு ஏறும் என்று அவர் தம் நாவல் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சந்தேகம் கோபாலகிருஷ்ணன் மேல் போனது. வேதாந்தத்தின் கையெழுத்து மறுநாள் அவருக்கே புரியாது. வத்சலாதான் நல்ல பிரதி எடுத்து அனுப்புவாள். போன மாதம் மகள் பிரசவத்துக்காக அவள் தாம்பரம் போய்விட, கோபாலகிருஷ்ணன்தான் பிரதி எடுத்துக் கொடுத்தார். மனிதர் அவசரத்தில் ஒரு வரியை விழுங்கியிருக்கலாம். வேதாந்தம் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்க் கேட்டார். ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை என்று கோபாலகிருஷ்ணன் குழந்தைகள் மேல் சத்தியம் செய்தார். அத்தோடு விட்டாரா? வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும், மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் கண்ணாலேயே பார்த்து எழுதலாம் என்று யோசனையும் சொன்னார்.

அன்று பிற்பகலே வேதாந்தம் நோட்டும் பேனாவுமாகப் போய் ஒரு சவுக்குமரத்தின் பின்னால் உட்கார்ந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒருவர் எட்டி எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால் எந்த ஜோடி முத்தம் கொடுக்கும்? மூன்று ஜோடிகள் எழுந்து போயின. நான்காவது ஜோடி போலீஸில் சொல்லிவிட்டது. கண்ணகி என்ற பெண் கான்ஸ்டபிள் வந்து, வயசுக்கு மரியாதை கொடுத்து விடுவதாகவும், இனி அவரைத் தனியாக அங்கே பார்க்கக்கூடாது என்றும் எச்சரித்து பஸ் ஏற்றினாள்.

தனியாகத்தானே வரக்கூடாது? ஞாயிற்றுக்கிழமை வேதாந்தம் வத்சலாவை அழைத்துக்கொண்டு போனார்.

ஆறு வருடத்துக்குப் பிறகு இவர் வெளியே கூட்டிக்கொண்டு போகிறாரே என்று வத்சலா மல்லிகைப்பூ வைத்து, புளியோதரை கட்டி, ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கலங்கரை விளக்கம் தாண்டி ஒரு பாறை மறைவில் அவளை நிறுத்தி, அவர் நோட்டைப் பிரித்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"கொஞ்சம் கிழக்கே திரும்பு. கண்ணை மூடிக்கோ. மூடறச்சே மனசுல என்ன தோணறதோ, அதைச் சொல்லு."

"இட்லிக்கு ஊறப்போடலைன்னு தோணறது."

வேதாந்தம் அதை எழுதி, அடித்துவிட்டு, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, சரி, செய்தே பார்த்துவிடுவோம் என்று குனிந்தார். அந்த நேரம் பார்த்து விசில் கேட்டது.

"நேத்து நோட்டோட வந்த. இன்னிக்கு ஜோடியோட வந்துகினு கீற. இன்னா சார் இது?" என்றாள் கண்ணகி.

வேதாந்தம் இவள் தம் மனைவி என்றார். வத்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் கழுத்துத் தாலியைச் சுட்டிக் காட்டினார்.

"தாலி கீது. கட்னது நீதான்னு அதுல எழுதியா கீது?"

பெயரும் வேலை பார்க்கிற இடமும் கேட்டாள் கண்ணகி. சொன்னால் திங்கட்கிழமை ஆபீஸ் முழுக்க நாறிவிடும் என்று பயந்த வேதாந்தம் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"நான் எழுத்தாளர். நான்தான் விஷாகா."

கண்ணகி அவர் மீசையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இருவரையும் சாலையோரத்துப் போலீஸ் கூண்டுக்கு நடத்திக்கொண்டு போய், மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே லத்திக்குப் பக்கத்தில் இருபது முப்பது தாழம்பூக்கள், எல்லாம் ஒரே பக்கத்தில் காது மடித்தபடி இருந்தன.

"அந்தம்மா எழுத்தைப் படிச்சிதான் எங்க வூட்டுக்காரரையே நான் கட்டிக்கினேன். அது பேரைச் சொல்லிக்கினு இந்த வேலை பண்றியே சார்" என்றாள். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. விஷாகா என்றால் இங்கேயே ஒரு முத்தம் எழுதிக் காட்டட்டும், இல்லாவிட்டால் மேலதிகாரிக்குப் போன் போடுவேன் என்று, பயன்படுத்திய படிவம் ஒன்றைத் திருப்பிப்போட்டு நீட்டினாள்.

வேதாந்தத்துக்கு உயிர் வந்தது. எழுதத்தானே வேண்டும்? பதினொரு வருடத்தில் நூற்று முப்பத்திரண்டு முத்தம் எழுதிய கை அது. வெண்ணிலவை நாணவைத்து மேகத்துக்குள் அனுப்பினார். அலைகளைத் தாளம் போடச்சொன்னார். தென்றலுக்கும் ஒரு வேலை கொடுத்து, கடைசியில் பவழ இதழ்களைத் தேனில் முக்கி, பக்கத்தை நிரப்பிக் கொடுத்தார்.

கண்ணகி மின்விசிறியின் கீழ் நின்று முழுதும் படித்தாள்.

"நெலா வந்துச்சு, மேகம் வந்துச்சு, காத்து வந்துச்சு. அந்தப் பொண்ணும் பையனும் எங்க சார்? இது விஷாகா இல்ல."

அவள் கை போனுக்குப் போனது. வேலை போகும், விஷாகா போவாள், மானமும் போகும். அதுவரை மூலையில் பெஞ்சியில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வத்சலா எழுந்தாள்.

"இன்னொரு பேப்பரை இப்படிக் குடுங்கோ."

"உனக்கு என்னடி இதுல…" என்றவரை அவள் பார்த்த பார்வையில் வேதாந்தம் மீதியை விழுங்கிவிட்டார். அவர் காதிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு நின்றபடியே எழுதினாள். ஓர் இடத்திலும் யோசிக்கவில்லை, அடிக்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக வேதாந்தம் படித்தார்.

'அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். கழற்றிய பிறகு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப்பையில் வைத்தான், எடுத்தான். அவள் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டான். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. கையில் கண்ணாடி இருந்ததால்தான் அவனைத் தள்ளிவிட முடியவில்லை என்று அதற்குப் பிறகு பல நாள் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.'

வேதாந்தத்தின் விரல் தானாக மூக்குத்தண்டுக்குப் போனது. திருக்கழுக்குன்றத்தில், அவர்கள் கல்யாணமான மறுநாள், மாமனார் வீட்டு மாடி அறை. இருபத்துநான்கு வருடமாக அவர் அதை ஒருமுறைகூட நினைத்ததில்லை. நூற்று முப்பத்திரண்டு முத்தத்தில் ஒன்றுகூட அதுவாக இல்லை. வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, ஆனால் எதிரே போலீஸ் நின்றது.

கண்ணகி அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். எடுத்த ரிசீவரை மெதுவாக வைத்தாள். அங்கே இருந்த ஒரே நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து வத்சலாவின் பக்கம் நகர்த்தினாள். வேதாந்தத்துக்குப் பெஞ்சியைக் காட்டினாள். பிறகு குனிந்து, அவர் காதில் விழக்கூடாதே என்கிற அக்கறையோடு வத்சலாவிடம் கேட்டாள்:

"ஏம்மா, போன மாசம் மட்டும் சாரை எழுத வுட்டுட்டீங்களா?"