கூரைக்கு ஒரு கௌரவப் பட்டம்

கொடைக்கானலிலிருந்து பள்ளங்கி போகிற வழியில், மேகம் இறங்காத நாட்களில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒலிவமலை வேத சர்வகலாசாலை, ஒவ்வொரு மே மாதமும் தகுதி வாய்ந்த பெரியோர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கி வந்தது. மாணவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தாலும் டாக்டர்கள் கூடிக்கொண்டே போனார்கள். தகுதி இன்னதென்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சமையல்கட்டுக்கு அண்டா கொடுத்தவர் ஒரு டாக்டர். நூலகத்துக்கு அலமாரி கொடுத்தவர் ஒரு டாக்டர். அலமாரிக்குள் வைக்கப் புத்தகம் கொடுக்கத்தான் இன்னும் ஒரு டாக்டர் அகப்படவில்லை.

நான் அங்கே குமாஸ்தா. பட்டத்தைத் தட்டச்சு அடிப்பதும், பட்டமளிப்பு அங்கியைத் துவைத்துக் காயப்போடுவதும் என் சோலி. கம்பளி அங்கி அந்தக் குளிரில் காய்வதற்குள் அடுத்த டாக்டர் வந்து நின்றுவிடுவார்.

எழுபத்தெட்டாம் வருஷம் வளாகத்து ஆலயத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. காண்ட்ராக்டர் சூசைமுத்து, கேட்பதற்கு முன்பே, பளபளவென்று புதுத் தகரம் வேய்ந்து கொடுத்தார். அந்த மே மாதமே, "கல்வி, கருணை, கட்டுமானம் ஆகிய துறைகளில் அன்னார் ஆற்றிய அரும்பணியைப் பாராட்டி" அவருக்குப் பட்டம் சூட்டினோம். மனுஷர் பள்ளிக்கூட வாசலை மிதித்தது அங்கே சுவர் எழுப்பப் போனபோதுதான். ஆனாலும் அங்கி அவருக்குக் கச்சிதமாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சுள்ளி பொறுக்க வந்த பெண்பிள்ளை ஒருத்தி ஒதுங்க இடமில்லாமல் ஆலயத்துக்குள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பெயர் மூக்கம்மா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, வடகவுஞ்சிப் பக்கத்து மறுவாழ்வுக் காலனியில் குடியேற்றப்பட்டவள். சர்க்கார் அவளுக்கு வீடு கொடுத்திருந்தது. நாலு சுவர் இருந்தது, கதவு இருந்தது, மேலே ஆகாயம் இருந்தது. அவளும் புருஷன் பிச்சையாவும் ஒரு கிழிந்த படுதாவைக் கட்டி அதன்கீழ் பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடந்தார்கள்.

நாங்கள் எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது மூக்கம்மா மேலே பார்த்துவிட்டாள். ஜெபம் முடிந்ததும் நேரே துணைவேந்தர் கனம் பாக்கியநாதன் அவர்களிடம் போனாள்.

"தொரை, இது எங்க வீட்டுத் தகரமுங்க."

"அம்மா, கர்த்தருடைய வீடு எல்லோருக்கும் வீடுதான்."

"அது சரிங்க தொரை. ஆனா அந்தா, காலனி பேரும் எங்க வீட்டு நம்பரும் செவப்பு மையில எழுதிக் கெடக்கு பாருங்க. அங்க தோட்டத்துல லய வீட்டுல கெடந்தப்பகூட தலைக்கு மேல தகரம் இருந்திச்சிங்க. சொந்த நாட்டுக்கு வந்துதான் நனையறோம்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். எழுதித்தான் கிடந்தது. காலனி வீடுகளைக் கட்டிய காண்ட்ராக்டர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மலையில் இருந்ததே ஒரு காண்ட்ராக்டர்.

சூசைமுத்துவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் எங்கங்க திருடுனேன்? அங்கன கெடந்தத இங்கன கொண்டாந்து வச்சேன். எங்க வீட்டுக்கா தூக்கிட்டுப் போனேன்?"

இதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டதால், "கௌரவப் பட்டங்கள் வழங்கல் மற்றும் பறித்தல் அறநெறித் தரக் குழு" என்று ஒன்றை உடனடியாக அமைத்தார்கள். துணைவேந்தர் தலைவர், பதிவாளர் சாலமோன்துரை உறுப்பினர், நான் டீ வாங்கி வருகிறவன்.

பதிவாளருக்கு எதையும் அடிவேர் வரை ஆராயாமல் தூக்கம் வராது. "பட்டம் கொடுத்தபோது இந்தப் பாவம் நமக்குத் தெரியாது. தெரியாத பாவம் தரத்தைப் பாதிக்காது. மூக்கம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஆகவே அவர் ஜூன் மாதம்தான் திருடியிருக்கிறார். மே மாதம் நாம் கொடுத்ததில் எந்தப் பிழையும் இல்லை."

துணைவேந்தருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. பட்டத்தைப் பறிப்பது என்று முடிவாயிற்று. எப்படிப் பறிப்பது? சபை நடுவே கொடுத்ததைச் சபை நடுவேதான் எடுக்க வேண்டும். கொடுத்த முறைக்கு நேர் தலைகீழாக எடுக்க வேண்டும் என்றார் பதிவாளர். செப்டம்பர் மாதம் அது நடந்தது. கீதத்தைக் கடைசி அடியிலிருந்து பாடினோம். முதலில் கைதட்டினோம், பிறகு பேசினோம். ஊர்வலம் பின்பக்கமாக நடந்தது. பதிவாளர் பின்னுக்கு நடந்து படிக்கட்டைத் தாண்டிப் போய் ரோஜாப் பாத்திக்குள் உட்கார்ந்தார். சுற்றுலா வந்தவர்கள் படம் பிடித்தார்கள். அங்கியைக் கழற்றிக் கொடுத்த சூசைமுத்துவுக்கு, பட்டம் வாங்கியபோது வந்ததைவிட அதிகக் கூட்டமும் மாலையும். மறுநாளே தன் வீட்டுப் பலகையில், முன்னாள் மந்திரி என்று போட்டுக்கொள்வார்களே, அதுபோல "முன்னாள் டாக்டர் சூசைமுத்து" என்று எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மூக்கம்மா கேட்டாள். "பட்டத்தப் புடுங்கிட்டீங்க. தகரத்த எப்பங்க புடுங்குவீங்க? பெரிய மழ வந்துருச்சு. சின்னதுக்கு ராவெல்லாம் இருமலு."

"அம்மா, பாவம் அந்த மனிதனோடு போய்விட்டது. கூரையில் இப்போது பாவமே இல்லை" என்றார் துணைவேந்தர்.

"பாவம் இல்லாட்டிப் போவுதுங்க. கூரை இருக்கே."

அவள் போன பிறகுதான் குழுவுக்குப் புதிய தர்மசங்கடம் தட்டியது. கூரை இருக்கிறது, கொடுத்த டாக்டர் இல்லை. கொடையாளி இல்லாத கூரையின்கீழ் ஜெபிப்பது அறநெறிக்கு ஒத்ததா? பதிவாளர் மூன்று டீ குடித்து ஒரு வழி கண்டார்.

"கூரை கொடுத்தவருக்குப் பட்டம் என்பது நம் மரபு. கூரை மூக்கம்மாவுடையது. ஆகவே கொடுத்தவர் மூக்கம்மா."

"அவள் கொடுக்கவில்லையே, சாலமோன்துரை?"

"கொடுப்பது கொடுத்தவருக்கே தெரியாமல் இருப்பதல்லவா உத்தமமான காணிக்கை! இந்த அம்மாளைவிடத் தூய்மையான கொடையாளி நம் சரித்திரத்தில் உண்டா?"

துணைவேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஓடிப்போய்க் கொடியைத் தொட்டுப் பார்த்தேன். அங்கி இன்னும் காயவில்லை.

அக்டோபரில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், மூக்கம்மாவுக்கு டாக்டர் பட்டம் வழங்கினோம். "ஆலயத்தின் கூரை முழுவதையும் தமக்கென்று ஒரு தகரமும் வைத்துக்கொள்ளாமல் ஈந்த" என்று பட்டத்தில் தெளிவாகத் தட்டச்சு அடித்திருந்தேன். பதிவாளர் அதை உரக்க வாசித்தார். மூக்கம்மா கவனமாகக் கேட்டாள்.

"தொரை, அப்ப இந்தக் கூரை என்னுதுன்னு எழுதியிருக்கா?"

"உங்களுடையதேதான், டாக்டர் அம்மா. அதைத்தான் ஊரறியச் சொல்கிறோம்."

"அது போதுங்க."

வாசலைப் பார்த்து, "ஏங்க, எல்லாத்தையும் உள்ள கொண்டாங்க" என்று குரல் கொடுத்தாள். பிச்சையா சட்டி பானை, பாய், இரண்டு கோழி, இருமுகிற பிள்ளை எல்லாவற்றோடும் உள்ளே வந்தான். பலிபீடத்துக்குப் பக்கத்தில் காற்று வராத மூலையாகப் பார்த்து அடுப்புக் கூட்டினார்கள். பட்டமளிப்பு அங்கி பிள்ளைக்குப் போர்வையாயிற்று. அன்றைக்குத்தான் அது உருப்படியாக ஒருவருக்கு உதவியது என்று எனக்குப் பட்டது.

அடுத்த ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே கருவாட்டுக் குழம்பு கொதித்தது. பிரசங்கத்தில் ஒருவருக்கும் மனம் ஒட்டவில்லை.

குழு கூடியது. அவளை வெளியேற்ற வேண்டுமானால் பட்டத்தைப் பறிக்க வேண்டும். பறிக்க ஒரு பாவம் வேண்டும். பத்துக் கட்டளைகளையும் வரிசையாகப் பார்த்தார்கள். கருவாடு அதில் இல்லை. ஊரெல்லாம் விசாரித்தும் அவள்மேல் ஒரு பாவமும் கிடைக்கவில்லை.

"நம் சரித்திரத்திலேயே முழுத் தகுதியோடு பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள்தான்" என்றார் துணைவேந்தர் கவலையோடு. "இவளை ஒன்றுமே செய்ய முடியாது."

கடைசியில் அவரே மூக்கம்மாவிடம் போனார். "நீங்கள் போவதற்கு என்ன வேண்டும், டாக்டர் அம்மா?"

"மொதல்ல இருந்தே அதத்தானுங்களே சொல்றேன். தகரம்."

இரண்டே நாளில் பிரித்து லாரியில் ஏற்றியாயிற்று. அவள் வீட்டுக்கு வேண்டியது போக மீதி, காலனியில் மற்ற வீடுகளின் தலைக்கு ஏறியது. அதுவும் அந்த வீடுகளின் தகரம்தானே. பிள்ளையின் இருமல் நின்றதென்று பிறகு கேள்விப்பட்டேன். மனசுக்கு இதமாக இருந்தது. ஆலயம்தான் ஆகாயத்தைப் பார்த்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சபையாரைப் பார்த்துத் துணைவேந்தர் உருக்கமாக வேண்டினார். இனி ஒரே ஆளிடம் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம், வீட்டுக்கு ஒரு தகரம், சொந்தக் காசில், நேர்மையான வழியில் வாங்கிக் கொடுத்தால் போதும், கூரை எழும்பிவிடும்.

பிறகு முன்வரிசையில் பூண்டு மண்டி வைத்திருக்கும் ஒருவர் குடையோடு எழுந்தார்.

"நல்ல யோசனைங்க. ஒரு தகரத்துக்கு என்ன பட்டம்?"

நல்ல கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினோம். அறநெறித் தரக் குழு அன்றிலிருந்து அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு தகரத்துக்கு பி.ஏ. கொடுத்தால் ஒரு மரச்சட்டத்துக்கு என்ன, ஒரு உத்தரத்துக்கு என்ன என்று பேச்சு வருஷக்கணக்காக நீள்கிறது. முடிவு தெரியாமல் தகரம் கொடுத்து ஏமாற யாரும் தயாராக இல்லை. மழை அதன் பாட்டுக்குப் பெய்கிறது. என் பங்குக்கு நான் மட்டும் ஒரு பொட்டலம் ஆணி வாங்கி வைத்திருக்கிறேன். டாக்டர் பட்டத்துக்குக் குறைந்து எதற்கும் அதைக் கொடுப்பதாக இல்லை.