மூன்றாவது மடிப்பில் ஒரு பெயர்

எங்கள் லண்டனில் பிப்ரவரி பிறந்தால் மூடுபனியோடு ஒரு கூட்டமும் இறங்கும். அதுதான் ‘அவளே கண்டுபிடிக்கட்டும்’ காதலர் கூட்டம். மீசைக்கு மெழுகு தடவிக்கொண்டு வாலண்டைன் அட்டை விற்கும் கடை வாசலில் முட்டி மோதுவார்கள். வாங்குவார்கள், அனுப்புவார்கள், பெயர் மட்டும் போட மாட்டார்கள். மற்ற ஊர்களில் பகையாளிக்குப் போடும் மொட்டைக் கடிதத்தை இங்கே காதலிக்குப் போடுவதுதான் முறையாம். நல்ல முறை!

நண்பர் ஆம்ப்ரோஸ் டில்பியை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா. கையுறைக் கடையில் நிற்கும் மிஸ் ஹெஸ்டரைப் பார்ப்பதற்காகவே வாரம் ஒரு ஜோடி வாங்கி, இருக்கிற இரண்டு கைக்கு நாற்பது ஜோடி சேர்த்தவர். இந்த ஆண்டு துணிந்துவிட்டார். பூவேலைப்பாடாய் வெட்டிய வெள்ளைக் காகிதம், அதன்மேல் பட்டுப்பூ, பூவைத் தூக்கினால் புறா, புறாவைத் தூக்கினால் இதயம், இதயத்துக்கும் அடியில், எறும்பு படிக்கிற அளவில், தன் பெயர். என்னிடம் காட்டிப் பெருமைப்பட்டுத்தான் தபாலில் போட்டார்.

மறுநாளே கடைக்கு ஓடினார். நானும் போனேன்.

“எவ்ளோ அழகு பாருங்க, மிஸ்டர் டில்பி!” என்று வந்திருந்த அட்டையைக் காட்டினாள் ஹெஸ்டர்.

“அந்தப் பூவக் கொஞ்சம் தூக்கி...” என்று கை நீட்டினார். புறங்கையில் படாரென்று ஓர் அடி விழுந்தது.

“தொடாதீங்க, கிழிஞ்சிடும்! கண்ணாடி போட்டு மாட்டப் போறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உண்மையச் சொல்லுங்க. நீங்களா அனுப்புனீங்க?”

ஒரே ஒரு ‘ஆமாம்’ போதும்.

“நானா? சேச்சே!” என்றார் மகானுபாவர்.

ஹெஸ்டரின் முகம் வாடிவிட்டது. அன்று மாலை இறைச்சிக் கடை பிளாக்கெட்டிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அவன் ஒருத்திக்கும் அட்டை அனுப்பியவன் இல்லை. ஆனாலும், “கண்டுபிடிச்சிட்டியா, கள்ளி!” என்று கண்ணடித்தான்.

ஈஸ்டர் கழிந்ததும் அவர்கள் இருவருக்கும் கல்யாணம். விருந்துக்குப் போனால் பிளாக்கெட் வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த அட்டை. அதன் கீழேயே நின்று கேக் தின்றுகொண்டிருந்தார் டில்பி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன்யா, வாயில என்ன கொழுக்கட்டையா? அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது?”

“ஒரு நாள் கண்ணாடியக் கழட்டித் தொடைக்காமயா போயிடுவாங்க?” என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், ‘தானாகப் புரிந்துகொள்ளட்டும்’ என்று நீங்கள் ஒளித்து வைத்தது இப்போது யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.