நிஜ ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தவர்

எடுத்த காரியத்தை விடாதவர்களுக்குப் புதுச்சேரியில் ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் ஓட்டிப்பாத்தியாவுக்குத்தான். இரண்டாம் பரிசையும் அவரே வாங்கிக்கொண்டு போவார்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. மாதாமாதம் சம்பளம் போட்ட எனக்கே அது மறந்துவிட்டது. கருவடிக்குப்பத்தில் ஒரு மாடியில் இயங்கிய சின்ன மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. கணக்கும் கதவுச் சாவியும் என் பொறுப்பு. யார் எந்த புரோகிராமை எழுதிக் காட்டினாலும், "ஓட்டிப் பாத்தியா?" என்றுதான் கேட்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்போது அவர் தலையில் ஒரு பூதம் ஏறியிருந்தது. நேரத்துக்கு மணி அடிக்க, நினைவூட்ட என்று ஒரு இலவச மென்பொருள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் கை கொடுக்கலாம். புதிதாகக் கற்பவர்களுக்காக அதில் குட்டிக் குட்டி எக்ஸாம்பிள்கள், அதாவது மாதிரி புரோகிராம்கள். எல்லாமே ஜாவா என்ற கணினி மொழியில். அவற்றைப் பைத்தான் என்ற மொழிக்கு மாற்றும் வேலையை, சாப்பாட்டு வேளையில், சம்பளமே இல்லாமல் இந்த மனிதர் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மென்பொருளை நடத்துகிறவர்களோ கெடு வைத்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு இரவுக்குள் அத்தனையும் வராவிட்டால் பைத்தான் பகுதியையே தூக்கிவிடுவார்களாம்.

"போனா போவுது, விடேம்ப்பா" என்றேன்.

"என்னக்கா இப்டி சொல்றீங்க? காலேஜ்ல எனக்கு ஒண்ணும் ஏறல. இந்த மாதிரி எக்ஸாம்பிள பாத்துப் பாத்துதான் தொழிலே கத்துக்கிட்டேன். எனக்குப் பின்னாடி வர்றவனுக்கு அது இல்லாம பூடுமே!"

நான் என் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மாற்றி எழுதினால் மட்டும் அவருக்குப் போதாது. நிஜத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். விருந்துக்கு அழைப்பு அனுப்பும் எக்ஸாம்பிள் ஒன்று. ஓட்டிப் பார்க்க மேனேஜரின் மெயில் முகவரியைக் கொடுத்தார். மத்தியானம் மேனேஜர் புதுச் சட்டையோடு, டிபன் பாக்ஸ் இல்லாமல் வந்து, "பார்ட்டி எங்கப்பா?" என்று மேசை மேசையாகக் கேட்டார். கடைசியில் என் தயிர் சாதத்தில் பாதி அவருக்குப் போனது.

மிச்சமிருந்தது கடைசி எக்ஸாம்பிள். காலை ஒன்பது மணிக்கு, வேலை நாளானால் மணி அடிக்கும். ஞாயிறானால் "இன்று விடுமுறை" என்று அறிவிக்கும். அதை அலுவலக ஸ்பீக்கரில் மாட்டினார். அன்று செவ்வாய்க்கிழமை.

"இன்று விடுமுறை" என்றது ஸ்பீக்கர்.

ஏன், எதற்கு என்று ஒருவராவது கேட்டோமா? கேட்கவில்லையே! ஐந்து நிமிடத்தில் மாடி காலி. பாதிப் பேர் பீச்சுக்குப் போனார்கள். எல்லாருக்கும் முன்னால் பையை எடுத்தவள் நான்தான். மேனேஜர் வந்தபோது ஓட்டிப்பாத்தியா மட்டும் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் விளக்கம் சொன்னார். ஜாவாவில் ஞாயிறுக்கு எண் ஒன்று. பைத்தானில் திங்கள் சைபர், செவ்வாய்தான் ஒன்று. இந்தப் புண்ணியவான் ஜாவாவின் ஒன்றைப் பைத்தானிலும் ஒன்றாகவே இறக்கிவிட்டார், செவ்வாய் ஞாயிறாகிவிட்டது.

"ஒரே கெழமைக்கு ரெண்டு நம்பரா? எவன்ப்பா வச்சது? கணக்கு எழுதறவ கையில கெடச்சான்னா அவ்ளோதான்!" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே எதையோ தட்டினார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "வேல நாள்ல இன்னொரு தரம் இத இங்க ஓட்டுன, அதோட நீயும் ஓடிடு!"

தப்பைத் திருத்தியாயிற்று. கணினியில் தேதியை மாற்றிவைத்துப் பார்த்தால் போதும் என்று பையன்கள் சொன்னார்கள். அவர் அசையவில்லை.

"அது பொய் ஞாயித்துக்கெழமக்கா. நிஜம் வரட்டும்."

வந்தது. அரியாங்குப்பத்தில் என் வீட்டு வாசலில் நான் மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறேன். கேட் கிறீச்சிட்டது.

"சாவி குடுங்கக்கா. இன்னிக்கி வேல நாள் இல்லியே!"

"உன் வூட்டுலயே ஓட்டேம்ப்பா!"

"தப்பா சொன்னது அந்த ஸ்பீக்கர்தான்க்கா. அதுதான் சரியா சொல்லணும்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே கையைக் கழுவி, அவர் ஸ்கூட்டரில் ஏறிப் பாலம் தாண்டினேன். ஆளில்லாத அலுவலகத்தில், மீன் வாடையோடு இருவரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்பது மணி.

"இன்று விடுமுறை."

அவர் குதித்தார். நானும் கை தட்டிவிட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அனுப்பினார். சாயங்காலம் போன் வந்தது. "சேத்துக்கிட்டாங்கக்கா! பைத்தான் இருக்கும்!"

ஓட்டிப்பாத்தியா இப்போது பெங்களூரில் இருக்கிறார். அந்த எக்ஸாம்பிள் அப்படியே இருக்கிறது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் உண்டு: "ஞாயிறு ஜாவாவில் ஒன்று, பைத்தானில் ஆறு. எங்கள் கணக்கு அக்காவுக்கு இதில் கடும் கோபம். கோபம் நியாயமானதே." எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ அதைப் படித்துவிட்டுத்தான் மணி அடிக்கக் கற்றுக்கொள்கிறார்களாம்.

நான் அந்த அலுவலகத்தை விட்டு வந்தாயிற்று, சாவியையும் ஒப்படைத்தாயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட் கிறீச்சிட்டால், என் கை முதலில் சாவியைத்தான் தேடுகிறது.