ஏழாம் அத்தியாயத்தில் செத்தவள்

உள் அறையிலிருந்து விம்மல் சத்தம் கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிய முத்துமாரி திடுக்கிட்டு நின்றாள்.

"வீட்டுல யாரும் தவறிட்டாவளா தாயி?"

"இல்லக்கா. அவிய எழுதுன ஏழாம் அத்தியாயத்த அவியளே படிக்காவ," என்றாள் விஜிதா, அலுப்போடு.

வாசகர்களே, வாழ்க்கை வரலாற்றாசிரியர் என்னும் இனம் இதுதான். சங்கரன்கோவிலில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பெரிய மனிதர் யாராவது கண்ணை மூடினால் பதினாறாம் நாளுக்குள் புத்தகத்தோடு வந்துவிடுவார். அந்தப் புத்தகத்தில் தலைவர்கள் இடி மின்னலோடுதான் பிறப்பார்கள், தெருவிளக்கடியில்தான் படிப்பார்கள், தாயின் கம்மலை அடகு வைத்துத்தான் பரீட்சைக்குப் பணம் கட்டுவார்கள், ஊரே உறங்கும்போது ஏழைகளை நினைத்துத் தலையணையை நனைப்பார்கள். நனைந்ததை யார் தொட்டுப் பார்த்தது? கேட்கக் கூடாது. சமூக மாற்றமா? அது கரிவலம் பஸ் மாதிரி. தலைவர் கை காட்டினால் நிற்கும்.

விஜிதாவின் கணவர் கோமதிசங்கர் எழுதி முடித்திருப்பது, காலமான விசைத்தறித் தொழிற்சங்கத் தலைவர் சுடலைராஜின் வரலாறு. முத்துமாரியின் வழக்கு சின்னது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் கூலி உயர்வு கேட்டு முதல் தறியை நிறுத்தியவள் அவள். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழாவில், அன்று போராடியவர்களுக்குப் பொன்னாடை. புத்தகத்தைப் பார்த்துப் போட்ட பட்டியலில் அவள் பெயர் இல்லை.

கோமதிசங்கர் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார்.

"பட்டியல்ல உங்க பேரு எப்படிக்கா இருக்கும்? நீங்கதான் செத்துட்டியளே!"

"எப்ப வே?"

"ஏழாம் அத்தியாயத்துல. தலைவர் மடியில. ரெண்டு முழுப் பக்கம்!"

"குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கேன். திருத்தும்."

"நீங்க சாவலைன்னா தலைவர் சபதம் எடுக்க மாட்டாரு. சபதம் இல்லைன்னா ஸ்டிரைக்கே இல்ல."

"ஸ்டிரைக்க ஆரம்பிச்சது நான். உம்ம தலைவரு அன்னைக்கு இளையரசனேந்தல்ல மச்சினன் கல்யாணப் பந்தியில இருந்தாரு."

"ஆதாரம் இருக்கா?" இடிக்கும் மின்னலுக்கும் ஆதாரம் தேடாதவர் கண்டிப்போடு கேட்டார்.

"நாந்தான் ஆதாரம்."

"உயிரோட இருக்கவிய சொல்லுதது வெறும் ஞாபகம்க்கா. வரலாறு ஆவாது." பிறகு மனம் இளகினார். இளகுவது அவருக்குத் தொழில். "ஒண்ணு செய்வோம். செத்தவளோட தங்கச்சின்னு மேடைக்கு வாங்க. பொன்னாடையும் கிடைக்கும், சனமும் அழும்."

முத்துமாரி செருப்பை மாட்டினாள்.

"முத்துமாரியாத்தான் வருவேன். மைக்கப் பிடிச்சுப் பந்திக் கதையவும் சேத்துச் சொல்லுவேன். முடிஞ்சா அங்கன வச்சு என்னக் கொல்லும், பாப்போம்."

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன மாதம் அப்பாவின் படத்திறப்பில், 'பத்து மைல் நடந்தே படித்தவர்' என்று தொண்டை அடைக்கப் பேசினீர்களே, பள்ளிக்கூடம் எதிர்த்தெருவில்தானே இருந்தது?