இடது கையால் கொடுத்த வணக்கம்

மேன்மை பொருந்திய மைத்துனர் க்வாபெனா அடின்க்ரா அவர்களுக்கு, உங்கள் அக்கா கொனாடுவின் புருஷன் ஃபோஃபியே சொல்ல எழுதப்படுவது. இங்கு நாங்கள் நலம். அங்கே உங்கள் கோபமும் நலமாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

நம் பணத்தில் அரசாங்கம் நான்கு சைபர்களை வெட்டிப் போட்ட வருடம், எஜிசுவில் உங்கள் மாமாவின் சாவு வீடு. எனக்கு எழுத்துதான் தெரியாது, மறக்கவும் தெரியாது. வலது ஓரத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வந்த கொனாடு, உங்கள் முன்னால் இடது கையை நீட்டிவிட்டாள். "என்னக்கா, என்னை நாயின்னு நெனச்சியா?" என்று பந்தலே திரும்பிப் பார்க்கக் கத்தினீர்கள். இரண்டு கையும் வீங்கி, வலது கை பலாப்பிஞ்சு மாதிரி இருந்ததைக் கவனிக்க உங்களுக்கு நேரமில்லை, பாவம். ஓர் ஆடும் இரண்டு பாட்டில் ஜின்னும் வைத்து அவள் மன்னிப்புக் கேட்டால்தான் எங்கள் வாசலை மிதிப்பேன் என்று அன்று சொன்னீர்கள், இன்றும் சொல்கிறீர்கள். வைராக்கியம் என்றால் இதுவல்லவா!

ஃபுஃபுக் களிக்குக் கிழங்கு இடிக்கும்போது உலக்கை பட்டிருக்கும் என்றார் பாதிரியார். இரண்டு கையிலும் ஒரே விரல்களில், இரண்டு பாதத்திலும்கூடப் படுகிற உலக்கையை நான் பார்த்ததில்லை. "வயசாகுதில்ல" என்று நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். அவளுக்கு அப்போது நாற்பது. கடைசியில் குமாசி டாக்டரம்மாதான், "உடம்போட காவக்காரனே வெறி புடிச்சு வீட்டுக்காரன மூட்டு மூட்டா அடிக்கிறான்மா" என்றாள். விடிந்து வெகு நேரம் விரல் மடங்காததும், சும்மா இருந்தே களைத்ததும் அவன் வேலையாம். மாத்திரை வியாழக்கிழமை மட்டும்; ஆசைப்பட்டு தினமும் விழுங்கினால் ஆளையே கொண்டுபோகுமாம். அவ்வப்போது ரத்தமும் பார்க்க வேண்டும். முதல் மாதம் ஒன்றும் நடக்காததால், "மாத்திரையும் உன் தம்பி மாதிரிதான்டி, வர மாட்டேங்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் மாதம் தன் ரவிக்கைக் கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டு அழுதாள். வளைந்த இரண்டு விரல் மட்டும் நிமிரவில்லை. முன்பே போயிருந்தால் அதுவும் வளைந்திருக்காதாம். இப்போது உரலில் கையை விட்டு ஃபுஃபுவைப் புரட்டுவது நான். ஊர் சிரிக்கிறது, வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

ஆனால் ஆடு வராது. ஜின் வராது. மன்னிப்பும் வராது. உங்கள் பத்து விரலும் சொன்ன பேச்சைக் கேட்டு நூறு வருடம் மடங்கி நிமிரட்டும்.

இப்படிக்கு,
ஃபோஃபியே

பி.கு.: இதை எழுதுவது கொனாடுவின் கைதான். பேனாவில் துணி சுற்றித் தடிமனாக்கிப் பிடித்துக்கொள்கிறாள். கடைசி வரி வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். "திட்டி முடிச்சாச்சா? போன வாரம் சந்தையில அவனப் பாத்தேன். பொட்டலத்த ரெண்டு உள்ளங்கையில இடுக்கிட்டுப் போறான், விரல் மடங்கல. மொதல்ல அவன ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க!" ஆடு வருகிறது மச்சான், ஜின்னும் வருகிறது. எங்களோடு குமாசிக்குக் கிளம்பு. அவளுக்குக் கைகொடுக்க வலது கை வலித்தால் இடது கையையே நீட்டு, கேட்க யாரும் இல்லை. அன்று பந்தலில் இருந்தவர்களில் பாதிரியார் போய்விட்டார், உன் அண்ணன் டுவா போய்விட்டான், உன் தம்பி, சின்னவன் போச்சியும் போய்விட்டான். அவளை அக்கா என்று கூப்பிட மிச்சமிருப்பது நீ ஒருத்தன்தான், அடின்க்ரா.